வீட்டுப் பிராணிகளும் கால்நடை மருத்துவ நிலையமும்

விடியற்காலையில் பெரட்டு முடிந்து, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் பால்மரத் தொழிலாளிக்கு முன்னே ஓடுவது அவர் வளர்க்கும் நாய். புதரில் பன்றி உறுமினாலும், மரத்தடியில் பாம்பு கிடந்தாலும் அதுவே முதலில் அறிந்து குரைக்கிறது. வீட்டில் அரிசித் தகரத்தை எலியிடமிருந்து காப்பது பூனை. கூலி பெறாமல் உழைக்கும் இவ்விரு பிராணிகளும் நோயுற்றால் நம்மில் பலர் செய்வது என்ன? ஒரு சாக்கை விரித்துப் போட்டு, சிறிது கஞ்சியை வைத்து, "எழுந்தால் எழும், இல்லையேல் போகும்" என்று விட்டுவிடுகிறோம். இது இரக்கமின்மையால் நேர்வதன்று. எங்கே கொண்டு செல்வது, என்ன செலவாகும், மருத்துவரிடம் என்ன சொல்வது என்பன தெரியாமையால் நேர்வது. அவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஜொகூர் மாநிலத்தில் பத்து மாவட்டங்கள் உள்ளன. சிகாமட், குளுவாங், பத்து பகாட், கோத்தா திங்கி முதலிய மாவட்டங்களில் கால்நடை மருத்துவச் சேவை இலாகாவின் அலுவலகங்கள் இயங்கி வருகின்றன. இவ்விலாகா மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் தோட்டப்புறங்களில் பரவலாக உண்டு. தமிழில் நாம் வழங்கும் "கால்நடை" என்ற சொல்லே இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் மாட்டுக் கொட்டகைதான் தோன்றுகிறது. மலாயில் "ஹைவான்" என்றால் எல்லாப் பிராணிகளும் அடங்கும். ஆகவே "கிளினிக் ஹைவான்" என்ற பலகையைக் கண்டால், அங்கு நாய்க்கும் பூனைக்கும் இடமுண்டு என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். அரசாங்க நிலையத்தில் கட்டணம் உண்டு. ஆயினும் அது தனியார் மருத்துவமனையின் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எந்த நாளில் தடுப்பூசி போடுகின்றனர், அறுவைச் சிகிச்சைக்கு முன்பதிவு வேண்டுமா என்பன இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஒரு நாள் சம்பளத்தை இழந்து புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நலம்.

ஜொகூர்வாசிகள் பெருமையுடன் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. கால்நடைத் துறையில் பயிற்சியளிக்கும் மலேசியக் கால்நடைக் கழகம் நம் குளுவாங்கில்தான் அமைந்துள்ளது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம், விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த 1970ஆம் ஆண்டுகளிலிருந்தே கால்நடை மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இத்துறையிலும் கருத்துச் செலுத்தலாம் என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

கொண்டு செல்லும் முறை

தோட்டத்திலிருந்து பட்டணம் பல கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் நாயைத் தொங்கவிட்டுச் செல்வது ஆபத்தானது. துணி கூடையைக் கவிழ்த்து மூடியாகக் கட்டினால் அது பூனைக்குப் போதுமான கூண்டாகும். அதன்மேல் மெல்லிய துணியொன்றைப் போர்த்தினால் பூனை மிரளாது. மூச்சுவிட இடமில்லாத கோணிப்பையில் போட்டுக் கட்டுதல் கூடாது. நாய்க்குக் கழுத்துப் பட்டையும் கயிறும் இன்றியமையாதவை. கடிக்கக்கூடிய நாயாயின், மெல்லிய துணிநாடாவை மூக்கைச் சுற்றிக் கட்டி, முனைகளைக் காதுகளுக்குப் பின்னால் முடிந்துவிடலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும் அவ்வாறு கட்டினால் உயிருக்கே கேடாகும்.

வாகனம் தரும் அண்டை வீட்டார் இஸ்லாமியராக இருப்பின் நாயை ஏற்றிச் செல்ல அவருக்குச் சமயத் தடை இருக்கலாம். அதை மனத்தாங்கலாகக் கொள்ளாமல் வேறு வாகனம் தேடிக்கொள்வதே பண்பாகும். அதே நண்பர் பூனையை மகிழ்ச்சியோடு மடியிலேயே வைத்துக்கொண்டு வருவதையும் நாம் காணலாம்.

மருத்துவர் முதலில் கேட்பது பிராணியின் வரலாற்றை. எத்தனை மாத வயது, என்ன உண்டது, எப்போது கடைசியாக உண்டது, வாந்தி எத்தனை முறை, மலம் இறுகியுள்ளதா கழிகிறதா, இரத்தம் கலந்துள்ளதா, பூச்சிமருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பன அவருக்குத் தேவை. "இரண்டு நாளாகச் சரியில்லை, ஐயா" என்ற ஒரு சொல்லில் அவர் நோயைக் கண்டுபிடித்துவிட இயலாது. அன்று காலை எடுத்த மலத்தைச் சிறு புட்டியில் கொண்டு செல்லுங்கள். வாந்தியையோ வலிப்பையோ கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டினால், பத்து வாக்கியங்களில் விளக்க முடியாததை மருத்துவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளும் உண்டு. நாயின் மேலுதட்டை உயர்த்தி ஈறுகளைப் பாருங்கள். நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். அதை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்கும். வெளுத்தே இருந்தால் இரத்தக் குறைவு. மஞ்சளாக இருந்தால் ஈரல் கோளாறோ எலிக்காய்ச்சலோ இருக்கக்கூடும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெல்ல மெல்லத் திரும்பினால் உடலில் நீர் வற்றியுள்ளது என்பது பொருள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை வரை இருக்கும். நம்முடைய உடலைவிட அதன் உடல் சற்றுச் சூடானதே. ஆதலால், தொட்டுப் பார்த்துச் "சுடுகிறது" என்று முடிவு செய்வது தவறான வழியாகும்.

வெறிநோய்

எல்லா நோய்களிலும் இதைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேச வேண்டியுள்ளது. ஏனெனில் மற்ற நோய்கள் பிராணியைக் கொல்லும். இது வீட்டிலுள்ள குழந்தையையும் கொல்லும். நோயின் அறிகுறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் அதன்பின் பிழைத்தவர் மிக மிக அரியர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் பெருந்தொகையினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழை எளியவர். ஏறக்குறைய அனைவரும் நாய்க்கடியால் இறந்தவர்கள்.

மலாயாவில் இந்நோய் 1924ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது பரவியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடும் பெரும் இயக்கம் நடத்தப்பட்டது. பின்னர்த் தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலங்களில், ஊசி போடப்பட்ட நாய்களாலேயே ஒரு பாதுகாப்பு வேலியை அமைத்தனர். அம்முயற்சி உலக அரங்கில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. 1999ஆம் ஆண்டுக்குப் பின் பல ஆண்டுகள் தீபகற்பத்தில் இந்நோய் காணப்படாதிருந்ததால் மக்கள் அதை மறந்தே போயினர். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கில் பரவியது. அங்கு முதலில் உயிரிழந்தவர்கள் சிறு குழந்தைகள். அதன்பின் வந்த ஆண்டுகளில் அம்மாநிலத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். ஜொகூர் அவ்விடங்களிலிருந்து தொலைவில் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் லாரியிலும் காரிலும் நாய்க்குட்டிகள் மாநிலம் விட்டு மாநிலம் போகும் காலத்தில் தொலைவு பெரிய காவலாகாது.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசி போடலாம். அதன்பின் ஆண்டுக்கொருமுறை போடுவது வழக்கம். பூனைக்கும் இவ்வூசி உண்டு. ஓர் இடத்திலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. முப்பது நாய்கள் உள்ள லயங்களில் இருபத்தொரு நாய்க்குப் போட்டால் போதும் என்பது கணக்கு. தனித்தனியே பட்டணம் போவதைவிட, தோட்டச் சங்கத் தலைவரும் நிர்வாகமும் சேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தோட்டத்துக்கே வந்து ஊசி போட இயலுமா என்று கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடியக்கூடிய வேலை இது.

கடிபட்டால் செய்ய வேண்டியது யாது? காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் இடைவிடாது கழுவுதல் வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் எண்ணுவதைவிட நெடிய நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் முதலியவற்றை அப்புவது முற்றிலும் தவறு. அவை கிருமியைக் கொல்வதில்லை; காயத்தைப் புண்ணாக்குவதோடு மருத்துவரின் பார்வையையும் மறைக்கின்றன. கழுவியவுடன் அரசாங்க மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். தடுப்பூசி தேவையா, எத்தனை முறை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒன்றிரண்டு ஊசியோடு "வலி தீர்ந்தது" என்று நிறுத்திவிடக் கூடாது. சிறு குழந்தைகள் அடி வாங்க நேருமே என்றஞ்சிக் கடியை மறைப்பதுண்டு. முன்பு பள்ளியில் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறோம்: குழந்தையைத் திட்டாத வீட்டில்தான் கடி மறைக்கப்படுவதில்லை.

கடித்த நாயைக் கோபத்தில் அடித்துக் கொன்று புதைத்துவிடும் வழக்கம் பழைய தோட்டங்களில் இருந்தது. அவ்வாறு செய்தால் அந்நாய்க்கு நோய் இருந்ததா என்பதை அறியும் வழி அடைபட்டுப் போகிறது. உயிருடன் பிடித்துக் கட்டிவைக்க முடிந்தால் பத்து நாளுக்குக் குறையாமல் கண்காணிக்கலாம். வெறிநோயைப் பரப்பும் நிலையில் உள்ள நாய் அக்காலத்துக்குள் நோயுற்று மடியும். நலமாக இருந்தால் அச்சம் பெரிதும் நீங்கும். பிடிப்பது ஆபத்தென்று தோன்றினால் கிட்டே போகாமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். இறந்த நாயின் மூளையைச் சோதித்து உறுதி செய்யும் ஆய்வுக்கூடம் ஈப்போவில், 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் உள்ளது.

உண்ணியும் அதன் காய்ச்சலும்

லயத்து நாயின் காதைத் திருப்பிப் பார்த்தால் அங்கே உண்ணி இல்லாதிருப்பது அரிது. "உண்ணிதானே" என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். 1960ஆம் ஆண்டுகளில் நமக்கு அடுத்துள்ள சிங்கப்பூரில், பிரிட்டிஷ் படையின் நாய்கள் காரணம் தெரியாமல் காய்ச்சலுற்று, மூக்கில் இரத்தம் வடிந்து இறந்தன. பின்பு வியட்நாமில் அமெரிக்கப் படையின் நாய்கள் பலவும் அவ்வாறே மாண்டன. பயிற்சி பெற்ற, நல்ல உணவு உண்ட நாய்கள் அவை. நாயின் உடலில் வாழும் பழுப்பு உண்ணி பரப்பிய கிருமியே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. "உண்ணிக் காய்ச்சல்" என்று இன்று மருத்துவர்கள் கூறும் நோய்களுள் அதுவும் ஒன்று. சோர்வு, உணவில் வெறுப்பு, வெளுத்த ஈறு, தோலின்மேல் சிவந்த புள்ளிகள், மூக்கில் இரத்தம் ஆகியன அதன் அடையாளங்கள். தொடக்கத்திலேயே இரத்தச் சோதனை செய்து மருந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கின்றன. அம்மருந்தை ஏறத்தாழ நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாம் நாளே நாய் துள்ளி ஓடத் தொடங்கும். அதைக் கண்டு மருந்தை நிறுத்துவோர் பலர். மாத்திரை மிச்சம், ஆனால் கிருமியும் மிச்சம்.

இவ்வுண்ணியின் வாழ்க்கையை அறிந்தால் நம் லயங்களில் அது ஒழியாதிருப்பதன் காரணம் விளங்கும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயின் உடலில் முட்டையிடுவதில்லை. கீழே விழுந்து, சுவரில் ஏறி, பலகை இடுக்கிலோ சிமெந்து வெடிப்பிலோ புகுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. குஞ்சுகள் மீண்டும் நாயைத் தேடி இறங்குகின்றன. ஆகவே நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும், அது படுக்கும் இடத்தின் இடுக்குகளைத் துப்புரவாக்காவிட்டால் பயனில்லை. அடுத்தடுத்த வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்தில் ஒரு வீட்டார் மட்டும் முயன்றாலும் பயன் குறைவே. வரிசையில் உள்ள எல்லாரும் ஒரே வாரத்தில் செய்தல் வேண்டும்.

உண்ணியை அகற்றச் சிகரெட்டால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் வேண்டா. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தால் போதும். விரலால் நசுக்குதல் கூடாது. சொறி பிடித்த நாய்க்கு மோட்டார் வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசுவது நம்மிடையே இன்னும் இருக்கும் வழக்கம். அந்த எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்குகிறது. நாய் நக்கும்போது வயிற்றுக்குள் சென்று நஞ்சாகிறது. சொறிக்கும் உண்ணிக்கும் இன்று நல்ல மாத்திரைகளும் பிடரியில் இடும் சொட்டு மருந்தும் உள்ளன. அவற்றை நாயின் எடைக்கேற்பவே வாங்க வேண்டும். மாட்டுக்குரிய ஊசிமருந்தைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மங்கும் கொசுவும்

பால் எடுத்தபின் மங்கைக் கவிழ்த்து வைக்கும்படி மண்டோர் சொல்வது டிங்கிக் காய்ச்சலுக்காக என்றுதான் நாம் நினைக்கிறோம். அதில் நாய்க்கும் பங்குண்டு. கொசு பரப்பும் இதயப்புழு என்ற நோய் நாய்களுக்கு உண்டு. கொசுக்கடி வழியே புகும் நுண்புழு, மாதங்கள் கழிந்து இதயத்திலும் நுரையீரல் குழாய்களிலும் ஒரு சாணுக்கு மேல் நீளமாக வளர்கிறது. முன்பெல்லாம் நிரையின் கோடிவரை ஓடிய நாய் பாதியில் படுத்து இருமினால் இந்நோயை ஐயுற வேண்டும். மாதம் ஒரு மாத்திரையால் இதைத் தடுக்கலாம். ஆனால் முதலில் இரத்தச் சோதனை செய்தாக வேண்டும். புழுக்கள் ஏற்கெனவே நிறைந்துள்ள நாய்க்குச் சோதியாமல் மருந்து கொடுத்தால் அதுவே கேடாகக்கூடும்.

குடற்புழுக்களுள் கொக்கிப்புழு கொடியது. குட்டியின் ஈறு தாளைப்போல் வெளுத்து, மலம் கறுத்துப் போவது இதனாலேயே. நாய், பூனைகளில் வாழும் கொக்கிப்புழுக்களில் ஒருவகைக்கு இலங்கையின் பழம்பெயராகிய சிலோனை ஒட்டியே அறிவியற்பெயர் இட்டுள்ளனர். அவ்வகை மனிதரின் குடலிலும் வாழ வல்லது. மலேசியக் கிராமங்களில் செய்த ஆய்வுகளில் அது மக்களிடமும் காணப்பட்டுள்ளது. வெறுங்காலுடன் மண்ணில் விளையாடும் பிள்ளையின் பாதத்தின் வழியே அது புகுகிறது. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து இரு வாரத்துக்கொருமுறை, மூன்று மாதம் வரை பூச்சிமருந்து கொடுக்கலாம். அதன்பின் ஆறு மாதம் வரை மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கொருமுறை. லயத்தின் முன்புறத்து மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் மருந்துக்குப் பாதி வேலை குறையும்.

குட்டிகளைத் தொகையாகக் கொல்வது பார்வோ என்னும் நுண்கிருமி. இரத்தம் கலந்த, கடும் நாற்றமுள்ள கழிச்சலும் ஓயாத வாந்தியும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவ நிலையத்துக்கு ஓட வேண்டும். இந்நோய் 1978ஆம் ஆண்டில்தான் உலகில் பெரிதாகப் பரவியது. நம் பாட்டிமார் வைத்தியத்தில் இதற்கு இடமில்லாததன் காரணம் அதுவே. கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே ஒரு குட்டி இறந்த இடத்துக்கு ஊசி போடாத மற்றொரு குட்டியை உடனே கொண்டு வருதல் கூடாது. ஆறு அல்லது எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை தடுப்பூசி போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமை பெறாது. தாய்ப்பாலில் வந்த காப்பு முதல் ஊசியின் வேலையைத் தடுத்துவிடுவதே அதற்குக் காரணம்.

அக்கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான காப்பும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். எலியின் சிறுநீரால் பரவும் இந்நோயை மலாயாவில் 1925ஆம் ஆண்டு முதன்முதலாக எடுத்துரைத்தவர் பிளெட்சர் என்னும் மருத்துவ ஆய்வாளர். எலியை வேட்டையாடும் நாய் நோயைப் பெற்று, தன் சிறுநீரால் நமக்கும் கொடுக்கலாம். தோட்டத்து ஓடையில் குளித்த பின்னோ, நாயின் சிறுநீரைக் கழுவிய பின்னோ கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், அச்செய்தியை மருத்துவரிடம் தாமாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே கருத நேரும்.

பூனையைப் பற்றி

பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. ஒரு நாள் முழுதும் உண்ணாமல் கட்டிலடியில் ஒதுங்கினாலே அது நோயென்று கொள்ள வேண்டும். ஆண்பூனை மணலில் அடிக்கடி குந்தி, சிறுநீர் கழிக்க இயலாமல் கத்தினால் அது மலச்சிக்கல் அன்று, சிறுநீர்வழி அடைப்பு. அன்றே மருத்துவரிடம் காட்டாவிட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும்.

மூக்கிலும் காதிலும் கால்களிலும் ஆறாத புண்ணோடு திரியும் பூனைகளை நம் நாட்டில் பலரும் கண்டிருப்பர். மண்ணிலும் அழுகிய இலைகளிலும் வாழும் ஒரு பூஞ்சணமே பல வேளைகளில் இதற்குக் காரணம். சண்டையிடும்போது ஒரு பூனை மற்றொன்றுக்குக் கொடுக்கிறது. கீறினால் மனிதருக்கும் கொடுக்கிறது. மலேசியாவில் இப்பூஞ்சணப் புண் மனிதருக்குப் பெரும்பாலும் பூனையின் வழியாகவே வருகிறது. கையில் ஒரு கட்டி உடைந்து, அதன் மேலே வரிசையாக வேறு கட்டிகள் எழுந்தால் மருத்துவரிடம் பூனையைப் பற்றியும் கூற வேண்டும். பூனைக்கு மருந்து உண்டு. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கையுறை அணிந்து கொடுக்க வேண்டும். அப்பூனையைக் காட்டில் கொண்டுபோய் விடுவதால் நோய் ஊரெங்கும் பரவுமேயன்றிக் குறையாது.

நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பூனைக்குக் கொடுப்பவர்கள் உள்ளனர். அது பூனைக்குக் கொடிய நஞ்சு. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஈறு பழுப்பு நிறமாகி, முகம் வீங்கி, மூச்சு முட்டி இறக்கும். நாய்க்குரிய உண்ணி மருந்துகள் சிலவும் பூனையைக் கொல்லும். உறையின்மேல் நாயின் படம் மட்டும் இருந்தால் அதைப் பூனைக்கு இடாதீர்கள்.

நஞ்சைப் பற்றிப் பேசும்போது தோட்டத்தில் நாம் கையாளும் பொருள்களையும் நினைவுகூர வேண்டும். பால் உறைய இடும் அமிலம் நாயின் வாயையும் பாதத்தையும் சுடும். பட்டால் நிறைய நீரால் கழுவ வேண்டும். களைக்கொல்லிகளுள் கொடிய பாராகுவாட் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. எனினும் பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். எலி நஞ்சு உண்ட பிராணி உடனே வீழ்வதில்லை. மூன்று நான்கு நாள் கழித்தே உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். தின்றதைக் கண்டவுடன், நலமாக இருக்கிறதே என்று காத்திராமல், நஞ்சின் உறையையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. நாகம் உமிழ்ந்த நஞ்சு நாயின் கண்ணில் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரை நாடலாம். தாய்ப்பால் விடுவது, புளித்த மோர் ஊற்றுவது ஆகியவற்றில் நேரத்தைப் போக்கல் வேண்டா.

குட்டி பெருகுதல்

பெண்நாய் ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். பூனையோ ஓராண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். வேண்டாத குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தை ஓரத்திலும் கோவில் வாசலிலும் விட்டு வருவதை நாம் கண்டுதான் இருக்கிறோம். அவற்றுள் பிழைப்பவையே பின்னாளில் கூட்டமாகத் திரிந்து பள்ளிப் பிள்ளைகளைத் துரத்துகின்றன. பிறகு யாரோ ஒருவர் நஞ்சு வைக்கிறார். 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பிராணியைக் கொடுமைப்படுத்துவோருக்கும் நஞ்சிடுவோருக்கும் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி நஞ்சு வைக்காமலிருப்பது நல்லதே. குட்டியே பெருகாமல் செய்வது அதனினும் நல்லது.

கருத்தடை அறுவையை ஆறு மாத வயதை ஒட்டிச் செய்யலாம். "ஒருமுறையாவது ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது" என்பது ஆதாரமற்ற பேச்சு. முதற்பருவத்துக்கு முன் செய்வதால் பெண்நாய்க்கு மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. செய்துகொண்ட நாய் காவலை மறந்துவிடும் என்பதும் உண்மையன்று. அறுவைக்கு முன்னிரவிலிருந்து உணவு கொடுக்கலாகாது. எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தபின் பத்து நாளேனும் நிரைக்கு அழைத்துச் செல்லாமல் கட்டிவைத்து, தையலை நக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நக்காமலிருக்க மருத்துவர் கழுத்தில் மாட்டும் புனல் போன்ற வளையத்தைப் பரிதாபப்பட்டு அவிழ்த்துவிட்டு, தையல் பிரிந்த நாயோடு மறுநாளே திரும்பி வருவோர் பலரென்று மருத்துவர்கள் குறைப்பட்டுக்கொள்கின்றனர்.

ஊசி போட்டவுடன் கொடுக்கப்படும் அட்டையில் அடுத்த தேதி எழுதப்பட்டிருக்கும். அதை அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். ஊராட்சி மன்றத்தில் நாய்க்கு உரிமம் எடுக்கும்போதும், நாய் யாரையேனும் கடித்துவிட்டது என்று புகார் எழும்போதும் அதிகாரிகள் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.